சின்ன மருமகள் மரம்

கேட்டைத் திறப்பதற்குள் செத்ததைப் பிடுங்கிவிட்டு உயிருள்ளதை நட்டாக வேண்டும். சின்ன மருமகள் கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

பார்த்தால் இடுப்பு உயரக் கன்றுதான். ஆனால் இந்த மரத்தோட்டத்தில் அதைக் கன்று என்று சொல்ல முடியாது. ‘சின்ன மருமகள் மரம்’ என்று பக்கத்தில் பலகையே நிற்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு வாழ வருகிறவர்கள் ஆளுக்கொரு மரம் நட வேண்டும். மாமனார் செய்த ஏற்பாடு. டிக்கெட் எடுத்து உள்ளே வரும் ஜனங்களுக்கு, எங்கெங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த மரங்களைவிட இந்த வரிசைதான் பிடிக்கும். பெரிய மருமகள் மரம் மாடி உயரம் போய்விட்டது. மாப்பிள்ளை மரத்தடியில் பெஞ்சு போட்டாயிற்று.

இவளுடைய மகிழமரம் மட்டும் துடைப்பக்குச்சி மாதிரி நின்றது.

மாமியார் முழங்கால் வலியோடு படுத்துவிட்டதால் இதுவரை தலை தப்பியது. காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று நேற்று அவர் சொன்னதுமே இவள் கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்துவிட்டாள். எந்தக் கிளையில் எந்த இலை வாடியது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷி. நட்ட கை சரியில்லை என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால்? ஏற்கெனவே காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது?

புருஷனிடம் சொன்னால் சிரிப்பான். அவனுக்கென்ன, பெற்ற அம்மா.

நர்சரியிலிருந்து அதே உயரத்தில் ஒரு கன்றைத் தூக்கி வந்திருந்தாள். மண் இளகியதும் செத்ததைப் பிடித்து இழுத்தாள். ஒன்றரை வருஷ வேர், மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள்.

பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது.

வேரைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பை. நர்சரிப் பை. ஒரு கிழிசல்கூட இல்லை.

பையோடு புதைத்தால் வேர் எங்கே போகும்? செத்ததில் அதிசயமே இல்லை. மரம் வளர்த்துப் பிழைக்கிற வீட்டில் யாராவது இப்படி நடுவார்களா?

இவள் அப்படி நடவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள், குடும்பமே சுற்றி நிற்க, பையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நட்டாள். போட்டோகூட இருக்கிறது.

அப்படியானால் இது அந்தக் கன்றே இல்லை. அது எப்போதோ செத்து, யாரோ சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள்.

பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது.

ஒளிக்க நேரமில்லை. பையும் குச்சியுமாக அப்படியே நின்றாள். மாமியார் மெல்ல மெல்ல நடந்து வந்து அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம்தான் சுருங்கிப்போனது.

“நீ ஊருக்குப் போயிருந்தப்ப நட்டதும்மா. வந்து பாத்தா மனசு ஒடஞ்சிடுவியேன்னு, யார் கண்லயும் படாம அவசர அவசரமா வச்சேன். பையைக் கழட்ட மறந்துட்டேன் போலிருக்கு.”

இவள் குனிந்து புதுக் கன்றின் பையைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

“பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாதே. சிரிப்பா.”

சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வாசல் பக்கம் பார்த்தபடி மாமியார் காவலுக்கு நின்றுகொண்டார்.