கொடியில் ஆறு மாஸ்க்

மேசையின் தலைப்பக்கம் முதலாளி மேடம் கூ. அவருக்கு வலப்புறம், சக்கர நாற்காலியில் ஸ்வீ ங்கோ ஆன்ட்டி. எதிரே, நாளிதழை மடியில் விரித்தபடி கோக் வா அங்கிள்.

ஜன்னலோர நாற்காலி காலி.

நோர்லியா நின்றுகொண்டிருந்தாள். தைப்பிங்கின் அந்த முதியோர் இல்லத்தில் பணிப்பெண்கள் உட்காருவதில்லை.

சாப்பாட்டுக்கூடத்தின் குறுக்கே அவள் கட்டிய கொடியில், மூச்சிரைப்புக்கு மருந்தை ஆவியாக இழுக்க உதவும் ஆறு நெபுலைசர் மாஸ்க்குகள். சோப்புத் தண்ணீரிலும் வினிகரிலும் அலசி, கிளிப் மாட்டியிருந்தாள். இன்னும் சொட்டின.

"இது என்ன, கருவாடு காயப்போடுற இடமா? பத்து மணிக்குச் சொந்தக்காரங்க வருவாங்க. கழட்டிப் பேர் எழுதின பையில போடு."

"காயட்டும் மேடம். ஈரத்தோட போட மாட்டேன்."

கோக் வா அங்கிள் நாளிதழிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கழட்டாதம்மா. நீ இப்படிக் காயவைக்க ஆரம்பிச்ச ரெண்டு வாரமா என் நெஞ்சு சொன்ன பேச்சு கேக்குது."

மேடம் தாளையும் பேனாவையும் தள்ளினார். "சொன்னதச் செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடு. சாயங்காலமே கணக்க முடிச்சிடலாம்."

நோர்லியா ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுதத் தொடங்கினாள்.

ஸ்வீ ங்கோ ஆன்ட்டி விரல்விட்டு எண்ணினார். "மாஸ்க் போடுறது நாங்க அஞ்சு பேருதானே? ஆறு தொங்குது."

ஆறாவதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'பூன் டெக்' என்ற பெயர் பாதி அழிந்திருந்தது. அந்த ஜன்னலோர நாற்காலிக்காரர். போன மாதம் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தவர்.

நோர்லியா எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

'உங்கள் அப்பாவின் மாஸ்க்கை, சோதனை அதிகாரி வந்த அன்று, ஈரத்தோடு பையில் போட்டு மூடினேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளே கரும்பூஞ்சைப் புள்ளிகள். துடைத்துவிட்டு அவருக்கே மாட்டினேன். சொன்னது மேடம். செய்தது நான்.'

மேடம் கை நீட்டினார்.

நோர்லியா ஏப்ரன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அதில் பூன் டெக்கின் மகனுடைய முகவரி ஏற்கெனவே எழுதியிருந்தது. தபால்தலை பத்து நாளாக ஒட்டியே இருந்தது.

எழுதிய தாளை மடித்து உள்ளே வைத்து, உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினாள். நீட்டிய கையைத் தாண்டி நடந்தாள். தெருவைக் கடந்து, சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள்.