பெருச்சாளி போட்ட கடலை மனு

பத்து வேர்க்கடலை திருடிய குற்றம் நிரூபணமாகி, மூன்று நாள் மரப்பொந்தில் அடைபட்டுக் கிடந்த பெருச்சாளி, விடுதலையானதும் நேராக நீதிபதி எருமையிடம் ஓடியது.

“எசமான், திருடினது பத்து. ஒத்துக்கிறேன். ஆனா என் வளையிலேருந்து அள்ளிட்டுப் போனது முப்பது! மிச்ச இருபதும் அறுவடை முடிஞ்ச வயல்ல நானே பொறுக்கினது. அதையும் அரசுடைமைன்னு எடுத்துக்கிட்டா என் குட்டிங்க மண்ணையா தின்னும்?”

எருமை அசைபோட்டபடியே யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் மத்தியானமே ஆகிவிட்டது.

“நியாயம்தான். இருபதையும் திருப்பிக் கொடுத்துடு” என்று, பறிமுதல் பொருளுக்கெல்லாம் காவலான அணிலுக்கு உத்தரவு போட்டது.

அணில் வாலைப் பிசைந்தது. “ஐயா, பத்திரமா இருக்கட்டும்னு புதைச்சு வெச்சேன். எங்கேன்னுதான் மறந்துபோச்சு.”

“அவ்வளவுதானே!” என்ற பெருச்சாளி, தரையை ஒரு முகர்வு முகர்ந்து, மண்ணை வாரியிறைத்து, கண் மூடித் திறப்பதற்குள் முப்பதையும் வெளியே எடுத்துப் போட்டது. பத்தை எருமையின் முன் தள்ளிவிட்டு, இருபதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டமே துள்ளிக் குதித்தது.

“அண்ணே, போன வருஷம் என்கிட்டேருந்து பறிமுதல் பண்ணின கிழங்கு!” என்றது முயல்.

“என் முந்திரிக்கொட்டை!” என்று தலைகீழாகத் தொங்கியபடி கத்தியது வௌவால்.

எருமை கழுத்துமணியை ஆட்டி எல்லோரையும் அடக்கியது. பிறகு குனிந்து பெருச்சாளியின் காதோரம் கேட்டது:

“தம்பி, பத்திரமா இருக்கட்டும்னு என் புண்ணாக்கையும் இந்த அணில்கிட்டதான் கொடுத்து வெச்சேன். கொஞ்சம் மோந்து பாரேன்.”