கல்யாணப் போர்வை

பக்தீதா ஊர் அருங்காட்சியகத்தில் மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மையின் தோளில் விழுகிறது. பொம்மை போர்த்தியிருக்கும் சிவப்புக் கல்யாணப் போர்வையில் மயில்களும் சிலுவைகளும் நூல்வேலையாய் மின்னுகின்றன. ஷமூனி அதன் எதிரே நிற்கிறாள். மகள் நஹ்ரீனுக்காகக் குளிர்காலமெல்லாம் உட்கார்ந்து அவள் தைத்த போர்வை அது. மெல்பர்னில் வெள்ளை கவுனில் நடந்த அந்தக் கல்யாணத்தை அவள் கைபேசியில்தான் பார்த்தாள். “இன்னிக்கும் வந்துட்டீங்களா, அத்தை?” என்கிறான் காவலாளி பெஹ்னாம். “வீட்ல பெட்டிக்குள்ள மடிஞ்சே கெடந்துச்சுப்பா. இங்கயாவது ஒருத்தி போட்டுக்கிட்டு நிக்கிறாளே.” அவளுடைய மூச்சு கண்ணாடியில் படிந்து மறைகிறது. வெளியூர்க் கல்லூரிப் பெண்கள் சலசலவென்று உள்ளே வருகிறார்கள். “அடியே, எவ்வளவு அழகு! எந்தக் காலத்துதோ!” என்று ஒருத்தி வாய்பிளக்கிறாள். பெஹ்னாம் ஏதோ சொல்ல வருகிறான்; ஷமூனி கண்ணாலேயே அவனை அடக்குகிறாள். “அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? போட்டோல விழறீங்க,” என்கிறாள் அந்தப் பெண். ஷமூனி சுவரோரமாய் ஒதுங்குகிறாள். மணப்பெண்ணோடு நிற்கும் தோழிகளைப்போல் அவர்கள் பொம்மைக்கு இருபுறமும் நெருங்கி நின்று சிரிக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது, ஷமூனியும் தன் தலைத்துணியைச் சரிசெய்துகொள்கிறாள்.