உள்ளே மகிழ்ச்சியான செய்தி

லண்டனில் அச்சான ஒரு சிறுவர் வார இதழில், முதல் பக்கத்தில் ஓர் எலியும் கடைசிப் பக்கத்தில் ஒரு யானையும் வசித்தன. வாரத்துக்கு ஒரு படக்கதை, ஆளுக்கு ஒரு சேட்டை என்று பதினாறு வருஷம் ஓடியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை எலியின் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், "நண்பர்களே, உள்ளே மகிழ்ச்சியான செய்தி!" என்று போட்டிருந்தார்கள். எலி கடைசிப் பக்கத்துக்கு ஓடி வந்தது.

"அண்ணே, பக்கத்தைக் கூட்டப்போறாங்க போல."

யானைக்கு முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, நான் முன்னால வேற இதழ்ல இருந்தேனே..."

"தெரியுமே. அங்க உங்க கூட இருந்த பெலிக்கனோட புராணத்தை வாராவாரம் சொல்லி உயிரை எடுக்கிறீங்களே."

"அங்கயும் கடைசி வாரம் இதையேதான் போட்டாங்க. ரெண்டு இதழ் ஒண்ணாகுது, கொண்டாடுங்கன்னாங்க. இருபது பேர் இருந்தோம். இங்க வந்து சேர்ந்தது நான் ஒருத்தன்தான்."

"அப்ப பெலிக்கன்?"

"அதுக்கு இடமில்லைன்னுட்டாங்க."

எலி நடுப்பக்கத்துக்குப் போனது. அடுத்த வாரம் முதல் தனியாக வராமல் வேறோர் இதழோடு இணைகிறோம் என்று எழுதி, கூடப் போகிறவர்களின் படங்களை அங்கே வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். யானை இருந்தது. எலி அந்த வரிசையை மூன்று முறை பார்த்தது.

"அண்ணே, என் படம் விட்டுப்போச்சு," என்றது. "அவசரத்துல மறந்திருப்பாங்க. அடுத்த வாரம் நம்ம இதழ்லயே திருத்தம் போட்டுடுவாங்க, பாருங்க."