நான்காம் நாள் சாயங்காலம்

பெட்டை இரைக்கு இறங்கிய நேரம் பார்த்து, கூட்டிலிருந்து ஒரு முட்டையை டீஸ்பூனில் எடுத்தான் மரியஅந்தோணி. செல்போன் டார்ச்சுக்கு மேலே பிடித்தான்.

வெளிச்சம் ஊடுருவவில்லை.

"உள்ள ஃபுல்லா இருட்டா கீது மச்சான். குஞ்சு ரொம்பிக்கினு கீது!"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். என் வீட்டில் சந்தோஷத்தைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பான். என் மனைவி கலைப்பிரியாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்றுதான் முடிந்தது.

அவன் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தான். கையில் காற்றுக்காகத் துளைபோட்ட அட்டைப்பெட்டி. எனக்கு இரவல் கொடுத்திருந்த கோல்டுஃபிஞ்ச் ஆண்பறவையைத் திரும்ப எடுத்துப்போக.

நான்கு வருடமாக முயல்கிறோம். என்னுடைய கேனரிப் பெட்டை, அவனுடைய கோல்டுஃபிஞ்ச் ஆண். இரண்டுக்கும் ஒரு குஞ்சு. கேனரியின் தொண்டையும் கோல்டுஃபிஞ்சின் சிவப்பு முகமும். அப்படிப் பிறக்கும் பறவைக்கு வாரிசு கிடையாது. அதோடு முடிந்துவிடும். ஆனால் பாடும்.

முதல் இரண்டு வருடம் கரு கூடவில்லை. போன வருடம் இந்த ஆணே முட்டைகளைக் கொத்திவிட்டது. இந்த முறை நடுவில் கம்பித் தடுப்பு போட்டிருந்தேன்.

தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஆணை அந்தோணி பார்த்தான்.

"இவனப் பாரேன். மாமியார் ஊட்டு சோறு. தொப்பையே போட்டுட்டான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது முட்டையும் இருட்டு. மூன்றாவதை விரலில் எடுத்து உருட்டினான். நகத்தால் தடவினான். நடுவில் அச்சில் வார்த்த கோடு.

"மச்சான், இது டம்மிடா."

"ஆமா."

"நாலுமா?"

"நாலும்."

கேனரி ஒரு நாளைக்கு ஒரு முட்டைதான் வைக்கும். முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அப்படி விட்டால் மூத்த குஞ்சு மூன்று நாள் முன்னால் பொரித்து, கடைசிக் குஞ்சை மிதித்தே கொன்றுவிடும். அதனால் அன்றன்று வைக்கும் முட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டை வைப்போம். நிஜ முட்டைகள் ஒரு கிண்ணம் கேழ்வரகில் புதைந்திருக்கும். நான்காம் நாள் சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள், நான்கையும் ஒன்றாகத் திரும்ப வைக்க வேண்டும்.

அந்த நான்காம் நாள் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ, பாலத்தடியில் லாரியில் மோதியது. அதில் கலைப்பிரியா இருந்தாள்.

அந்தோணி அலமாரியைத் திறந்தான். கிண்ணம் அங்கேயே இருந்தது. கேழ்வரகைக் கிளறி ஒரு முட்டையை எடுத்தான். காதருகே வைத்து மெல்ல ஆட்டினான். உள்ளே தண்ணீராக ஆடும் சத்தம் எனக்கே கேட்டது.

கரு கூடியிருந்ததா என்று இனிமேல் தெரியாது.

"உடு," என்றான். "பொண்டாட்டி போன அன்னிக்கு எவன்டா முட்டைய ஞாபகம் வச்சிப்பான்? நானா இருந்தாலும் மறந்துதான் இருப்பேன்."

அவன் கையிலிருந்த முட்டையை வாங்கி மறுபடி கேழ்வரகில் புதைத்தேன்.

"அந்த டம்மியெல்லாம் தூக்கிப் போடு. பத்து நாள்ல மறுபடி முட்டை வைக்கும். சீசன் இன்னும் கீது. இவன இங்கயே உட்டுட்டுப் போறேன்."

தன் ஆணை யாருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் விடாதவன். அவனுக்கு அது பெரிய வார்த்தை.

"வேணாம். எடுத்துக்கினு போ."

"ஏன்டா?"

மூன்று பிளாஸ்டிக் முட்டைகளையும் கூட்டில் திரும்ப வைத்தேன். பெட்டை கம்பியில் தாவி ஏறி வந்தது. அலகால் நான்கையும் ஒருமுறை புரட்டியது. மேலே உட்கார்ந்து இறகைத் தளர்த்தியது.

அந்தோணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் ஆணைப் பிடித்துப் பெட்டியில் விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. எனக்கு அது அவன் செருப்பு மாட்டும்போதுதான் தோன்றியது.

தெரு முனைவரை பெட்டிக்குள்ளிருந்து ஆண் குரல் கொடுத்துக்கொண்டே போனது. பெட்டை திரும்பவில்லை.

நான் மறக்கவில்லை.

அன்று ஆறு மணிக்கே கிண்ணத்தோடு கூண்டு முன்னால் வந்து நின்றுவிட்டேன். பெட்டை இறங்க வேண்டும், அதுதான் பாக்கி. அது இறங்குவதாக இல்லை. ஆறே முக்காலுக்குக் கலைப்பிரியாவின் போனிலிருந்து யாரோ ஒருவர் பேசினார். அப்போதும் அது இறங்கியிருக்கவில்லை. கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அதற்கு முன்னால், ஆறு பத்துக்கு, அவளே ஒரு முறை பேசினாள். திண்டிவனத்தில் வேலை முடித்து ரயிலில் வந்து இறங்கியதும் தினமும் வரும் போன்தான். தினமும் நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன்.

"இறங்கிட்டேங்க. வர்றீங்களா? இல்ல உங்க மகாராணிக்கு இன்னைக்கும் பிரசவமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"முட்டை மாத்துற நேரம்," என்றேன். "ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துடேன்."