தந்தை பெயர்க் கட்டம்

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மனிதர்கள் கையால் எழுதுவது குற்றமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நகராட்சியின் பிறப்புப் பதிவுப் பக்கத்தைக் கவனித்துவந்த எஸ்தர்மணியின் வேலை, எல்லா ஊர்களுக்குமான பொதுக் களஞ்சியத்திலிருந்து, மிஷின் எழுதி அங்கீகரிக்கப்பட்ட நிரல் பாகங்களை எடுத்துப் பொருத்துவது மட்டும்தான்.

அன்று காலை கவுண்டரில் பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு நின்றாள். தந்தை பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் பக்கம் நகர மறுத்தது.

“ஏதாவது ஒரு பேரச் சொல்லும்மா,” என்றார் மேலாளர் துரைப்பாண்டி.

“எதுக்கு சார்? பெத்தது நான், வளக்கப்போறதும் நான். எம்புள்ளைக்குப் பொய்ப் பேரு வேண்டாம்.”

எஸ்தர்மணி களஞ்சியம் முழுக்கத் தேடினாள். அந்தக் கட்டம் இல்லாத பாகம் ஒன்றுகூட இல்லை. திருத்தம் கேட்டு முன்பு அவள் அனுப்பிய மனுக்களுக்குப் பதிலே வந்ததில்லை. கல்லூரியில் படித்ததை நினைவிலிருந்து இழுத்து, பன்னிரண்டு வரிகளைத் தானே தட்டினாள். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதை மீறிப் பக்கத்தை ஏற்றினாள். தாய் பெயரோடு மட்டும் சான்றிதழ் அச்சாகி வந்தது. பேச்சியம்மாள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

துரைப்பாண்டி அவள் திரைப் பக்கம் குனிந்தார். “உடனே கண்டுபிடிச்சிருவாங்கம்மா. அழிச்சிரு. மிஷின் ஏதோ தப்பு பண்ணிருச்சுன்னு எழுதிக் குடுத்திரலாம்.”

“மிஷின் எழுதல சார். நான் எழுதுனேன்.”

வரிகளுக்கு மேலே தன் முழுப் பெயரைச் சேர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று, மறுபடி வந்த எச்சரிக்கையையும் மீறிக் களஞ்சியத்திலேயே போட்டாள்.

அவளை அழைத்துப்போக ஆட்கள் வந்தபோது மணி மூன்று. அதற்குள் நாற்பத்தொரு ஊர்களில் அதைப் பொருத்தியிருந்தார்கள்.