குதிரையின் உயரம்

"அண்ணாச்சி, இது பிடிலா, கருக்கரிவாளா? விரலப் பாரும்வே!"

ஞானசிகாமணி இடது கையை நேசையா மூக்குக்கு நேரா நீட்டினான். விரல் நுனியெல்லாம் வெடிச்சு, ரத்தம் கட்டிக் கெடந்துச்சு.

மறுநா ஸ்தோத்திரப் பண்டிகை. தச்சநல்லூர்ப் பக்கம் அந்தச் சின்னக் கோயில்ல, காணிக்கை எடுக்கும்போது பாட்டு கெடையாது, பிடில் மட்டுந்தான். எப்பவும் வாசிக்கிறது நேசையா. தாலுகா கச்சேரியில குமாஸ்தா, வாயில்லாப் பூச்சி. இந்தத் தடவை உபதேசியார்கிட்ட மல்லுக்கு நின்னு அந்த எடத்த வாங்கிட்டான் ஞானசிகாமணி. கூட எப்.ஏ. படிக்கிற பயலுவ பூராவும் கேக்க வாரானுவ. ஒரு எடம் பெசகுச்சோ, காலேசு முடியுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுவ.

"தந்தி ஒரு முழம் ஒசரத்துல நிக்குது. அமுக்குறதுக்குள்ள உசுரு போவுது. முன்னால இப்பிடியாவே இருந்துச்சு? போன வருசம் நீருதான ஆசாரிகிட்டச் சொல்லி இந்தப் பெரிய குதிரைய மாட்டினீரு? தந்தியத் தாங்குத கட்டைதான, தலைய லேசா ராவிவிட்டாப் பூ மாதிரி ஆயிரும்."

"குதிரையில மட்டும் கைய வச்சிராதலே. அது ஒசந்து நின்னாத்தான் சத்தம் எட்டும்."

"எங்க எட்டணும்? பரலோகத்துக்கா?"

நேசையா காச்சுப்போன தன் விரலத் தடவிக்கிட்டாரு.

"ஒம்மத் தவிர வேற எவனும் வாசிச்சிரக் கூடாது. அதுக்குத்தான இந்த ஏத்தம்?"

"காணிக்கை நேரத்துல ஓங்கி வாசிலே. அது போதும்."

பிடிலக் கையில குடுத்துட்டு நடையக் கட்டிட்டாரு.

இந்த ஆளு எப்பவுமே இப்பிடித்தான். போன வருசம் சாரம்மா டீச்சருக்குப் பெருவியாதி, குஷ்டம்னு தெரிஞ்சதும், இனிமே கோயிலுக்குள்ள வரக்கூடாதுன்னு சபைக் கூட்டத்துல முடிவு பண்ணினாவ. ஞானசிகாமணிக்குப் பிடில் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவியதான். "நீங்கள்லாம் வேதக்காரங்களாவே?"ன்னு மேசையத் தட்டிக் கத்தினது அன்னைக்கு அவன் ஒருத்தன்தான். நேசையாவும் அங்கனதான் இருந்தாரு, மூலையில, குனிஞ்ச தலை நிமிராம. கோழைப்பய மனுசன்!

டீச்சரு ஆத்தங்கரையில குடிசை போட்டிருக்காவன்னு கேள்வி. ஒரு நடை போய்ப் பாக்கணும்னு அவனும் நெனைக்கத்தான் செய்யுதான். பரீட்சை, தர்க்கசபை... எங்க நேரம்?

வீட்டுக்கு வந்ததும் தந்தி முறுக்குத பிருடையத் தளத்தினான். குதிரையக் கழத்தினான். அரத்த எடுத்துத் தலைய ராவினான். மாட்டிப் பாத்தான், பத்தல. திரும்பக் கழத்தி ராவினான். மனசு ஆறல, இன்னுங் கொஞ்சம் ராவினான். கடைசியில தந்தி பலகைய ஒட்டினாப்புல தாழ்ந்து நின்னுச்சு. விரலு அது பாட்டுக்கு வழுக்கிட்டு ஓடுச்சு.

'சத்தமாம், சத்தம்!'

பண்டிகையன்னைக்கு வாழைத்தாரும் நெல்லு மூடையும் கட்டிப்போட்ட கோழியுமா கோயில் நெறஞ்சு கெடந்துச்சு. பயலுவ முன்னால உக்காந்து இவன் எப்பம் தவறுவான்னு பாத்துக்கிட்டே இருந்தானுவ. ஒரு எடம் தவறலியே! பிசிறில்லாம, பைய, இழைச்சு இழைச்சு வாசிச்சான்.

"தேனால்லடே இருக்கு!"ன்னாரு உபதேசியார்.

ஆமென் சொல்லி முடிக்கல, ஞானசிகாமணிக்குக் கால் தரையில பாவல. நேசையா மூஞ்சியப் பாத்தாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும். ஆளக் காணும். பின்வாசல் வழியா நழுவிட்டாருன்னு சொன்னாவ. பிடிலோட ஓடினான்.

கோயிலுக்குப் பின்னால, மதில் ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு.

"என்ன அண்ணாச்சி, ஓடி ஒளியுதீரு? குதிரைய ராவிட்டேன்வே! பாத்தீரா? சனம் சொக்கிப்போச்சு. சத்தத்துக்கு என்ன கொறைஞ்சிச்சு?"

நேசையா திரும்பிப் பிடிலப் பாத்தாரு. ராவின குதிரையையும் பாத்தாரு. ஏசல. ஒதட்டுல விரல வச்சு, "பைய பேசுலே"ன்னாரு. "அவிய இங்கன வரது உள்ள இருக்கவங்களுக்குத் தெரிஞ்சா இங்கயிருந்தும் வெரட்டிருவாவ."

ஞானசிகாமணி எக்கிப் பாத்தான். மதிலுக்கு அந்தாண்ட, சந்து தாண்டி, உடைமரத்து நெழல்ல முக்காடு போட்டு ஒரு பொம்பள. மரத்துப்போன கை ரெண்டையும் துணியால சுத்தி மடியில வச்சிருந்தாவ. முகம் தெரியல.

குரல் தெரிஞ்சுச்சு. அவனுக்குப் பிடில் புடிக்கச் சொல்லிக் குடுத்த குரல்.

"ஏ நேசையா, இன்னைக்கு ஏன் பிடில் சத்தமே கேக்கல? எனக்காக வாசிக்கது தெரிஞ்சுபோய் ஒன்னையும் வெளிய தள்ளிட்டாவளாய்யா?"